இடது இடுப்பு

எனக்குக் கைராசி உண்டு என்று எங்கள் வார்டில் சொல்லாதவர்கள் கிடையாது. குழந்தைகளுக்கு டிரிப்ஸ் ஊசி ஏற்றுவது எல்லாருக்கும் கைவந்துவிடாது. அதிலும் எங்கள் வார்டுக் குழந்தைகளுக்கு உடம்பில் ரத்தம் ஊறாது. வாரத்துக்கு ஒரு முறை, சில வாரம் இரண்டு முறை, வெளியிலிருந்து ஏற்ற வேண்டும். குத்திக் குத்தி நரம்பெல்லாம் உள்ளே ஒடுங்கிப் போயிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரல் நுனியால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் தடவினால் கிடைக்கும். ஒரே குத்து. இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். காலையில் நான் உள்ளே நுழைந்ததும் அம்மாக்கள் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கும் வேலை ஓடும்.

இதை எதற்கு முதலில் எழுதுகிறேன் என்றால், விசாரிக்கிற நீங்கள் மூன்று பேரும் எங்கள் வார்டில் ஒரு நாள்கூட வேலை பார்த்தவர்கள் இல்லை. நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். தருகிறேன். எதையும் மறைக்க மாட்டேன். ஆனால் நீங்கள் கொடுத்த படிவத்தின் கட்டங்களுக்குள் இது அடங்காது. அதனால் வெள்ளைத்தாளில் என் போக்கில் எழுதுகிறேன்.

எட்டுப் படுக்கைகள் உள்ள வார்டு. வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் கதவுகள். ரத்தம் ஊறாத குழந்தைகளுக்குக் கொடுக்கிற மருந்து, உடம்பில் மிச்சம் இருக்கிற எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவிடும். நமக்கு இரண்டு நாள் மூக்கை ஒழுக வைத்துவிட்டுப் போகிற கிருமி, அவர்களை ஒரு வாரத்தில் முடித்துவிடும். அதனால்தான் முதல் கதவுக்கும் இரண்டாவது கதவுக்கும் நடுவில் ஒரு நோட்டு கிடக்கும். வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் தினமும் அதில் எழுத வேண்டும். காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு, தோலில் புண் அல்லது கொப்புளம் உண்டா? இல்லை என்றால் தன் கையெழுத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையொப்பம் போட்டுவிட்டு உள்ளே போகலாம். 'உண்டு' என்றால் வந்த வழியே வீட்டுக்குப் போய்விட வேண்டும். யாரும் திட்ட மாட்டார்கள். விடுப்பில் கழிக்கக்கூட மாட்டார்கள். இந்த நோட்டை எப்படி எழுதுவது, ஏன் எழுதுவது என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுத்தவளே நான்தான்.

இனி அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ஆறு வயது. மூன்றாம் படுக்கை. வாயாடி என்றுதான் கூப்பிடுவோம், வேறு பெயர் இருந்தது யாருக்கும் ஞாபகமே வராது. எலும்பு மஜ்ஜை வேலை செய்வது நின்றுபோய், வெள்ளைத்தாள் மாதிரி வெளுத்து வந்தாள். மாடி ஏறினால் மூச்சு வாங்கும், ஆனால் வாய் மட்டும் ஓயாது. நாங்கள் எல்லாரும் முகக்கவசத்தோடு திரிகிறோம் இல்லையா, அவளுக்கு அதில் பெரிய சந்தேகம்.

"சிஸ்டர், உங்களுக்கு மூக்கு இருக்கா?"

"இல்லாம எப்படி மூச்சு விடுறது?"

"அப்போ காட்டுங்க. பாத்தாதான் நம்புவேன்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய் நின்று, முகக்கவசத்தை இறக்கி மூக்கைக் காட்டிவிட்டு வந்தேன். "பரவால்ல, சுமாரா இருக்கு" என்றாள். அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்தது இரண்டு, மூன்று தடவைதான். புருஷனுக்குத் தூரத்தில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வருவார். இரண்டு வயதுப் பையனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இவளோடு கிடந்தாள். நாள் முழுக்க அவளுக்குப் பேச்சுத்துணை நான்தான்.

தினமும் காலையில் வாயாடியை எடை பார்க்கும் அறைக்கு நான்தான் தூக்கிப் போவேன். அவளுடைய வலது கையில் எப்போதும் டிரிப்ஸ் ஓடும், அதன் சக்கரக் கம்பியை நான் வலது கையால் உருட்டி வர வேண்டும். அதனால் அவளை இடது இடுப்பில்தான் உட்காரவைக்க முடியும். காலை இரண்டு பக்கமும் போட்டு, மேல்சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். வேறு யார் கூப்பிட்டாலும் போக மாட்டாள் என்று ஒரு பேச்சு வார்டில் இருந்தது.

அக்கி எனக்கு ஒரு திங்கட்கிழமை ஆரம்பித்தது. இடது இடுப்பில் முதலில் எரிச்சல். உடுப்பின் நாடா அழுத்தியிருக்கும் என்று விட்டுவிட்டேன். வியாழக்கிழமை குளிக்கும்போது பார்த்தால், முதுகிலிருந்து இடுப்பைச் சுற்றிக் கொப்புளங்கள். இன்னது என்று எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. அக்கிக்கும் சின்னம்மைக்கும் ஒரே கிருமிதான். சின்ன வயதில் அம்மை வந்து போனவர்களின் உடம்புக்குள்ளேயே பதுங்கிக்கொள்ளும். வயதாகி உடம்பு அசரும்போது அக்கியாக வெளியே வரும். அதன் நீர் பட்டால், அம்மையே வராத குழந்தைக்கு அம்மை வரும். வாயாடிக்கு அம்மை வந்ததில்லை. தடுப்பூசி போடவும் முடியாத உடம்பு.

இதையும் நான்தான் பாடத்தில் சொல்லிக்கொடுப்பேன்.

அன்று காலை நோட்டில் 'இல்லை' என்று எழுதினேன். மறுநாளும் எழுதினேன். மொத்தம் பதினோரு நாள். நோட்டு இப்போது உங்கள் மேஜையில் இருக்கிறது, நீங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் என்று கேட்டீர்கள். அதற்கு இரண்டு மாதம் முன்னால் சளிக்காக ஐந்து நாள் விடுப்பில் போயிருந்தேன். எனக்குப் பதிலாகப் பச்சைக்குழந்தை வார்டிலிருந்து ஒரு சிஸ்டரை அனுப்பினார்கள். என் வயதுதான், நல்ல மாதிரி. திரும்பி வந்து பார்த்தபோது வாயாடியின் கையில் ஊதாநிறத்தில் ரத்தக்கட்டு. இனிமேல் உன்னை விட்டு எங்கேயும் போக மாட்டேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சொன்னேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற நினைத்தது தப்பா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நான் ஒன்றும் அஜாக்கிரதையாக இருந்துவிடவில்லை. என்னை யாருக்கும் தெரியாத தெருவில் இருந்த மருந்துக் கடையில் மாத்திரை வாங்கினேன். கொப்புளங்கள் மேல் துணி வைத்து மூன்று அடுக்குப் பட்டி ஒட்டினேன். அதன்மேல் இடுப்பு பெல்ட். கையுறை இல்லாமல் எந்தக் குழந்தையையும் தொடவில்லை. வலி உயிர் போயிற்று. அக்கி வந்தவர்களுக்குத்தான் அது தெரியும், துணி உரசினால்கூடக் கண்ணில் தண்ணீர் வரும். அந்த இடுப்பில்தான் பதினோரு நாளும் அவளைத் தூக்கி உட்காரவைத்தேன். ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. பெற்றவள்கூட அப்படித் தூக்கியிருப்பாளா என்பது சந்தேகம்தான்.

ஐந்தாம் நாள் கட்டு நனைந்துவிட்டது. உள்ளே ஒரு கொப்புளம் உடைந்திருக்க வேண்டும். எடை பார்க்கும் அறையில் அவளை இறக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அவளா விடுவாள்?

"இங்க என்ன ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"பெல்ட்டு. இடுப்பு வலிக்குப் போட்டிருக்கேன்."

"ரொம்ப வலிக்குதா?"

"கொஞ்சம்."

"நான் ஊதி விடட்டா? எனக்கு ஊசி போட்டா அம்மா ஊதி விடுவாங்க, சரியாயிடும்."

சொல்லிக்கொண்டே மேல்சட்டையைத் தூக்கி, தன் முகக்கவசத்தை இறக்கி, பெல்ட்டின் ஓரத்தில் வாய் வைத்து ஊதினாள். நனைந்த துணியைச் சின்ன விரலால் நீவிவிட்டாள். மூன்று தடவை ஊதிவிட்டு நிமிர்ந்து, "இப்போ?" என்று கேட்டாள். கையைத் தட்டிவிட எனக்கு மனசு வரவில்லை. எனக்கு யாரும் அப்படி ஊதிவிட்டதே கிடையாது. சரியாயிடுச்சு என்றேன். பிறகு அவள் விரல்களைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் அவள் அம்மா என்னிடம் கெஞ்சினாள். தம்பியைப் பார்க்க வேண்டும் என்று இவள் ஒரே அழுகை. சின்னக் குழந்தைகளை உள்ளே விடக் கூடாது என்பது விதி. "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிறுத்திக் காட்டுங்க, பத்து நிமிஷம்" என்றேன். பையன் வந்தான். கண்ணாடியில் இரண்டு பேரும் கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார்கள். பார்க்கவே பாவமாக இருந்தது. கதவைத் திறந்துவிட்டேன். அக்கா கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தான். அவன் காலில் கொசுக்கடி மாதிரி இரண்டு மூன்று சிவப்புப் புள்ளிகள் இருந்ததைக் கவனித்தேன். அப்போது எனக்கு வேறு எந்த எண்ணமும் இல்லை. இருந்ததாக ஞாபகம் இல்லை.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, காலையில் வாயாடிக்குத் தலை சீவும்போது காதுக்குப் பின்னால் இரண்டு கொப்புளங்களைப் பார்த்தேன். தெளிந்த நீர் கோத்திருந்தது. என் கை அப்படியே நின்றுவிட்டது. வார்டில் வேறு யாரும் இன்னும் பார்க்கவில்லை.

"என்ன சிஸ்டர்?" என்றாள் அவள் அம்மா.

"ஒண்ணுமில்ல, வேர்க்குரு. ஏங்க, அன்னிக்குத் தம்பி வந்தானே, அவன் கால்ல ஏதோ இருந்துச்சே?"

"கொசு கடிச்சது."

"கொசுதானா? நல்லா பாத்தீங்களா?"

அவள் முகம் மெல்ல மாறியது. நான் தலையைச் சீவி முடித்தேன். அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பெரிய டாக்டரிடம் மறுநாள் காலையில்தான் சொன்னேன். அதற்குள் முகம், நெஞ்சு எல்லாம் பரவியிருந்தது. யாருக்காவது அம்மை இருந்ததா என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னால் அந்த அம்மாவே அழுதுகொண்டு சொல்லிவிட்டாள். கேஸ் தாளில் 'தம்பி மூலம் தொற்று' என்று எழுதினார்கள். கதவைத் திறந்ததற்காக எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். வாங்கிக்கொண்டேன். மற்ற ஏழு குழந்தைகளுக்கும் அன்றே எதிர்ப்புரத ஊசி போட்டுக் காப்பாற்றிவிட்டோம்.

வாயாடிக்கு நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. ஆறாம் நாள் அவள் மூக்கிலும் வாயிலும் ஆக்சிஜன் கவசம் வைத்த பிறகு பேச முடியவில்லை. என்னைப் பார்த்துக் கண்ணை மட்டும் சுருக்கினாள். அது சிரிப்புதான் என்று நினைக்கிறேன். ஒன்பதாம் நாள் மதியம், சாப்பாட்டு வண்டி வருகிற நேரத்தில் போய்விட்டாள். கடைசி ஊசியையும் நான்தான் ஏற்றினேன். அன்றைக்கு நான் அழுதேன். அது நடிப்பு இல்லை. வீட்டுக்குப் போய் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

பிள்ளையைத் துணியில் சுற்றும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் கொன்னுட்டேனா சிஸ்டர்? உண்மையைச் சொல்லுங்க. நான் அவனைக் கூட்டிட்டு வராம இருந்திருந்தா?"

"தெரியாம செஞ்சதுதானே," என்றேன். "அதையே நினைச்சுட்டு இருக்காதீங்க."

ஆறுதலாகத்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவள் என்னைப் பார்க்க வர ஆரம்பித்தாள். வார்டுக்கு வெளியே இருக்கிற பெஞ்சில் உட்காருவோம். பையனையும் கூட்டி வருவாள். அவன் கையைப் பிடித்து நடத்த மாட்டாள், தன் துப்பட்டா நுனியை அவனிடம் கொடுத்து நடத்தி வருவாள். வீட்டில் அவனைக் குளிப்பாட்டும்போது கையுறை போட்டுக்கொள்கிறாளாம். தட்டில் சோற்றைப் போட்டுத் தரையில் தள்ளி வைத்துவிடுகிறாளாம். "இவனைத் தூக்கப் போனா அவ ஞாபகம் வருது சிஸ்டர். எல்லாம் இவனாலதானேன்னு தோணுது. பெத்தவ நினைக்கிற நினைப்பா இது?" என்று அழுவாள். பையன் எதிரில் நின்று, தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருப்பான். அவன் பாட்டுக்கு நீட்டிக்கொண்டே இருப்பான், பிறகு தானாகவே கையை இறக்கிக்கொள்வான். "கொஞ்ச நாள் போகட்டும், எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லி அவள் முதுகைத் தடவிக் கொடுப்பேன். ஏழு மாதமாக ஒரு வியாழன்கூட அவள் தவறவிட்டதில்லை. நானும் அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ள மாட்டேன்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை அவள் ஓடி வந்தாள். பேயறைந்த மாதிரி முகம். பையன் உடம்பெல்லாம் கொப்புளம். வார்டுப் பக்கம் வரக் கூடாது என்று புறநோயாளிப் பிரிவில் உட்காரவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். நான் போனபோது அங்கே வேலையில் இருந்தது, முன்பு எனக்குப் பதிலாக வந்தாளே, அதே பச்சைக்குழந்தை வார்டு சிஸ்டர்.

"மறுபடியும் வந்துடுச்சு சிஸ்டர். ஒரு தடவை வந்தா திரும்ப வராதுன்னு சொல்வாங்களே?"

நல்ல சின்னம்மை. முதல் தடவையாக வருகிற அம்மை. அவனுக்கு அன்றைக்கு வந்தது கொசுக்கடிதான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பையன் வழக்கம்போல் அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

"சில பேருக்கு ரெண்டாவது தடவையும் வரும்மா," என்றேன் நான்.

அந்த சிஸ்டர் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவளிடம் கேட்டாள்: "முதல் தடவை எத்தனை நாள் இருந்துச்சு? காய்ச்சல் அடிச்சுதா?" காய்ச்சல் இல்லை, மூன்றே புள்ளி, இரண்டு நாளில் மறைந்துவிட்டது என்று இவள் சொன்னாள். அந்த சிஸ்டர் வெளியே வந்து என்னிடம்தான் கேட்டாள்.

"அக்கா, வாயாடிக்கு அம்மை வந்த சமயத்துல நீங்க காரிடார்ல இடுப்பைப் பிடிச்சுட்டே நடந்தீங்களே, அது என்ன?"

மற்றது உங்களுக்குத் தெரியும். வடுவைப் பார்த்தீர்கள். அக்கி வடு என்று உங்கள் தோல் டாக்டர் எழுதியும் கொடுத்துவிட்டார்.

இத்தனை எழுதிய பிறகு மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். வாயாடியின் கையில் இருந்த அந்த ரத்தக்கட்டு, அவளுக்குச் சும்மா தொட்டாலே வருகிற ரத்தக்கட்டுதான். அந்த சிஸ்டரும் ஒரே குத்தில்தான் ஏற்றியிருந்தாள். நான் திரும்பி வந்த அன்று வாயாடியே சொன்னாள். "அந்த சிஸ்டர் குத்தினா வலிக்கவே இல்ல தெரியுமா? அவங்க இடுப்புலயும் நான் போனேனே." விளையாட்டாகத்தான் சொன்னாள். அதைக் கேட்ட பிறகு, ஒரு நாள்கூட விடுப்பு எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

தொற்றுப் பட்ட குழந்தைக்குப் பத்து நாளுக்குள் போட்டால் அம்மை வராமல் தடுக்கிற எதிர்ப்புரத ஊசி இருக்கிறது, தடுப்பூசி போட முடியாத உடம்புக்கும் அதைப் போடலாம். மற்ற ஏழு பேருக்கும் போட்டது அதுதான். அவள் என் இடுப்பில் ஊதிய அன்றைக்கே அது எங்கள் மருந்தறைக் குளிர்பெட்டியில் இருந்தது. சாவி என்னிடம்தான். எடுத்தால் எதற்கு என்று கேட்பார்கள், அதனால் எடுக்கவில்லை. கொப்புளத்தைப் பார்த்த பிறகும் ஒரு நாள் தள்ளிப்போட்டது, அந்த அம்மா மனதில் தம்பியைப் பற்றிய நினைப்பு நன்றாக ஊன்றட்டும் என்றுதான். எனவே, ஆமாம். மூன்றாம் படுக்கைக் குழந்தை செத்தது என்னால். தம்பியாலும் இல்லை, அவன் அம்மாவாலும் இல்லை. இதில் கையெழுத்துப் போடுகிறேன். என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன், எதிர்த்துப் பேச மாட்டேன்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதை அந்த அம்மாவிடம் சொல்லப்போவதாக நேற்று பேசிக்கொண்டீர்கள். தயவுசெய்து வேண்டாம். அவளை உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மகள் போய்விட்டாள். புருஷன் சரியாகப் பேசுவதில்லை. பெற்ற பையனைத் தொடக்கூட அவளால் முடியவில்லை. நாளைக்கு வியாழக்கிழமை, பெஞ்சில் வந்து உட்கார்ந்திருப்பாள். நானும் இல்லை என்று ஆகிவிட்டால், பாவம், சாய்ந்து அழ அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?